இந்தியாவின் தாக்குதல் ஹெலிகாப்டர் தேர்வு: அப்பாச்சியும் பிரசண்டும்

இந்திய விமானப்படைக்கும் தரைப்படைக்கும் எந்தத் தாக்குதல் ஹெலிகாப்டர் ஏற்றது என்ற விவாதத்தின் வேர் 1999 கார்கில் போரில் இருக்கிறது. அப்போது கைவசம் இருந்த ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் பயன்படவில்லை. பதிலாக ராக்கெட் பொருத்தி அனுப்பப்பட்ட எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று மே 28 அன்று தோலோலிங் அருகே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. மலைப்போருக்கென்றே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வடிவமைத்த பிரசண்ட், 2015இல் சியாச்சினில் தரையிறங்கிக் காட்டியது. அதன் உச்ச எடை 5.8 டன், அமெரிக்க அப்பாச்சி ஏறத்தாழ 10 டன். உயரத்தில் தீர்ப்பு சொல்வது இந்த எடைதான்.

அப்பாச்சியும் 2020இல் லடாக்கில் பறந்ததே என்பார்கள். பறந்தது உண்மை, ஆனால் உயரம் கூடக்கூட எந்த ஹெலிகாப்டரும் சுமக்கும் ஆயுதமும் எரிபொருளும் குறையும். வலுவான மறுப்பு வேறு: சுழலிக்கு மேலுள்ள ரேடாரும் ஹெல்ஃபயர் ஏவுகணையும் கொண்டு பாலைவனத்தில் டாங்குகளை வேட்டையாட அப்பாச்சியே சிறந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்குவதில் தாமதம் உண்டு: தரைப்படைக்காக 2020இல் ஒப்பந்தமான 6 அப்பாச்சிகளின் முதல் தொகுதி 2025 ஜூலையில்தான் வந்தது. பிரசண்டும் முழுச் சுதேசி அல்ல, அதன் எஞ்சின் பிரெஞ்சு நிறுவனத்துடன் கூட்டாக உருவானது. எனினும் பழுதுபார்ப்பும் மேம்பாடும் உள்நாட்டிலேயே நடக்கும். 2025 மார்ச்சில் சுமார் 62,700 கோடி ரூபாய்க்கு 156 பிரசண்டுகள் வாங்க ஒப்பந்தமானது. அவற்றில் 90 தரைப்படைக்கு.