பூச்சாடியின் வாய்

புளியந்தீவில் எமது வகுப்பறை மேசைமீது ஒரு மண் பூச்சாடியை வைத்து, கண்டதைக் கண்டவாறே வரையுமாறு மாணவரைப் பணித்தோம். தமிழ் கற்ற நாம் சித்திரம் கற்பிக்கப் புகுந்தது ஆசிரியப் பற்றாக்குறையின் விளைவு. அக்கதை இங்கு வேண்டா. பிள்ளைகள் வரைந்த சாடியின் வாய் இருபுறமும் கூர்மையாகி, வாவி மீனை ஒத்திருந்தது. சிலர் முழு வட்டமே வரைந்தனர். அடிப்பகுதியையோ ஏறக்குறைய எல்லோரும் நேர்கோடாக வெட்டியிருந்தனர். “சாடி மேசையிலே தட்டையாகத்தானே இருக்கு, சேர்” என்றான் ஒருவன்.

அவன் கூற்றில் பொய்யில்லை. வாய் வட்டமென்பதும் மேசை தட்டையென்பதும் அவன் கை அறிந்த உண்மைகள். கண் காண்பதோ வேறு. சாடியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் வாய் ஒரு கோடாகிவிடும். இறக்க இறக்க அது நீள்வளையமாக விரியும். கண்மட்டத்துக்கு மிகத் தாழ்ந்துள்ள அடிவளைவு, தன் அகலத்தை நோக்க, வாயினும் கூடுதலாக வளைந்தே தோன்றும். இதை உணர ஐரோப்பிய ஓவியரும் நெடுங்காலம் இடர்ப்பட்டனர் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

1435இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய இத்தாலியரான அல்பேர்ட்டி, வட்டத்தின்மேல் சதுரக் கட்டங்களை இட்டு, கோடுகள் வெட்டும் புள்ளிகளைத் தொலைவுத் தோற்றத்திற் குறித்து இணைக்குமாறு வழி கூறினார். கைவேலைக்கு அது போதும். ஆனால் கணித அறிவிற் சிறந்த ஜெர்மானிய ஓவியர் டியூரர், 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலில், கூம்பொன்றைச் சாய்வாக வெட்டினால் வரும் வளைகோடு ஒருபுறம் பருத்து மறுபுறம் ஒடுங்கும் எனக் கருதி, அதனை முட்டைக்கோடு என்றே அழைத்தார். கூம்பு கீழே அகன்றிருத்தலின் கோடும் கீழே அகலும் என்பது அவரது நினைப்பு. அது பிழை. அக்கோடு இருபுறமும் ஒத்த நீள்வளையமே என்பதைக் கிறிஸ்துவுக்கு முன் 200 அளவிலேயே கிரேக்கரான அப்பொலோனியஸ் நிறுவியிருந்தார்.

கூம்புக்கும் பூச்சாடிக்கும் என்ன தொடர்பு எனலாம். சாடியின் வாய் விளிம்பிலிருந்து கண்ணுக்கு வரும் கதிர்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு கூம்பாகின்றன. எம் முன்னுள்ள தாள் அக்கூம்பைக் குறுக்கே வெட்டுகிறது; வெட்டு முகமே நாம் வரையும் வளையம். அண்மைப் பாதி பெரிதாகவும் சேய்மைப் பாதி சிறிதாகவும் தோன்றுவது மெய்தான். ஆயினும் வளையம் முட்டையாவதில்லை. வட்டத்தின் மையம், வளையத்தின் மையத்துக்குச் சற்று அப்பால் விழுகிறது, அவ்வளவே. டியூரரையே ஏமாற்றிய இடத்தில் எமது ஒன்பதாம் வகுப்பு மாணவன் தடுமாறினால் அவனைக் கடிந்துகொள்ள நியாயமில்லை.

இந்த அறிவு எம் நாட்டுக்கு எவ்வுருவில் வந்து சேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது. 1851இன் பெரும் பொருட்காட்சியின் பின், பிரெஞ்சுச் சரக்குகளோடு போட்டியிடத்தக்க கைவினைஞரை ஆக்கும் பொருட்டு, ஹென்றி கோல் தலைமையில் பிரித்தானிய அரசு ஒரு சித்திரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. அதில் 23 படிகள். முதற்படி கருவிகொண்டு கோடிழுத்தல்; தொலைவுத் தோற்றம் அதனுள் அடங்கும். தொழிலாளியின் கை முதலாளியின் வார்ப்புக்கு இணங்கவேண்டும். அவன் கண் எதனைக் காண்கிறது என்று எவரும் கேட்கவில்லை. அத்திட்டத்தின் நிழலே குடியேற்ற நாடுகளின் பள்ளிகள்மீதும் விழுந்தது. உருளையும் கூம்பும் சாடியும் பரீட்சைப் பொருள்களாயின. நீள்வளையம், ஏன் என்று வினவாமல் பிரதி செய்யவேண்டிய ஒரு கோடாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. 1896இல் கல்கத்தாக் கலைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஹாவெல், மேனாட்டு முறையை அகற்றி இந்திய மரபைப் புகுத்த முனைந்தார். அதை எதிர்த்து வெளியேறியவர் மாணவரே என்பது சிந்திக்கத்தக்கது! ஆளுவோன் தன் வித்தையை எமக்கு மறுக்கிறான் என அவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. இலங்கையில் 1920இல் தலைமைச் சித்திரப் பரிசோதகராக வந்த வின்ஸர், இயந்திரத்தனமான பிரதிசெய்தலைக் கண்டித்து, பிள்ளையின் கற்பனைக்கு இடமளித்தார். 1932இல் அவர் இடத்துக்கு வந்த பீலிங்கும் அவ்வழியினரே. பின்னர் 1943இல் உருவான 43 குழுவிலும் அவர் சேர்ந்திருந்தார். 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய ஓவியக் கழகம் வின்ஸரின் பெயரையே சூடிக்கொண்டது.

இம்மாற்றத்தை நாம் போற்றுகிறோம். எனினும், கற்பனை என்ற பெயரால் விதியையே கைவிட்ட வகுப்புகளையும் கண்டிருக்கிறோம். கொழும்பின் வசதியுள்ள பிள்ளை அதைத் தனியாசிரியரிடம் கற்றுக்கொள்ளும். கட்டிடக் கலைஞனாகவும் பொறியியலாளனாகவும் ஆகும். படுவான்கரைக் குயவன் மகனுக்கு யார் சொல்வது? தந்தையின் சக்கரத்தில் நாள்தோறும் வட்டம் பிறக்கக் காண்பவன், அது தாளில் ஏன் சாய்கிறது என்பதை அறியாமலே பள்ளியை விட்டுப் போகிறான்.

அடுத்த வாரம் மாணவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றோம். கட்டின் வாய் கோடாகும்வரை குனிந்தும், பின் மெல்ல நிமிர்ந்தும் பார்க்கச் செய்தோம். சொல்லால் விளங்காதது முதுகு வளைந்தபோது விளங்கிற்று. அதன்பின் தாம் கண்ட கூத்தொன்றை வரையுமாறு கூறினோம். மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. நாற்புறமும் மக்கள் அமர்வர். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுசென்றபோதுதான் பார்வையாளர் அனைவரும் ஒரே திசையில் அமர்ந்தனர்.

ஒரு மாணவி களரியை முழு வட்டமாகவே வரைந்தாள். சுற்றியிருந்தோரின் தலைகள் நாற்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. அதைத் திருத்தவில்லை. நீ இருந்த இடத்திலிருந்து மீண்டும் வரை என்று மட்டும் சொன்னோம். இரண்டாம் படத்தில் களரி கூரற்ற நல்ல நீள்வளையம். எதிர்ப்புறத்தார் சிறு புள்ளிகளாகிவிட்டனர். அண்ணாவியார் மாத்திரம் இரண்டு படத்திலும் ஒரே அளவினராய் நின்றார்.