பாதுகாப்புச் சபையின் நடைமுறையும் நாடற்றோர் வினாவும்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தன் அலுவல்களை நடத்தும் முறையைச் சீர்திருத்துவது பற்றிய விவாதம், இராசதந்திரிகளுக்கும் சட்ட வல்லுநருக்கும் மட்டும் உரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கந்தப்பளைத் தோட்டமொன்றின் பெரட்டுக்களத்தில் நின்று அதனை நோக்குவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும், எந்த வினா கேட்கப்படும், எது கேட்கப்படாமலே ஒழியும் என்பதைத் தீர்மானிப்பது நடைமுறையே. 1948ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கொல்லையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். தேயிலைத் தொழிலாளரின் வாக்குப் பலம் ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்திற்று. 1948 ஆகஸ்ட் 19இல் பிரசாவுரிமை மசோதாவின் இரண்டாம் வாசிப்பு நடைபெற்றது. மறுநாள் அது பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இரண்டாம் வாசிப்புக்கு முதல் நாள், ஆகஸ்ட் 18இல், பாதுகாப்புச் சபையில் இலங்கையின் உறுப்புரிமை விண்ணப்பம் சோவியத் யூனியனின் வீற்றோவால் வீழ்ந்தது. நவம்பர் 15இல் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 15இல் இரண்டாவது வீற்றோ. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் மூன்றாவது. மலையகத் தொழிலாளரின் வாக்குரிமை பறிபோனதும் 1949இலேயே.

சபை முன்னிருந்த வினா, இலங்கை உண்மையிற் சுதந்திர நாடுதானா என்பது. சோவியத் வாதத்தை நாம் முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. 1947 நவம்பர் உடன்படிக்கையின்படி திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியத் தளங்கள் இருந்தன; கம்பனித் தோட்டங்கள் 1975இலேயே அரசுடைமையாயின. ஆனால் அந்த அரசின் மக்கள் யாவர், யாரை அது தன் மக்களல்லர் என்று தள்ளுகிறது என்ற வினாவுக்கு அந்த விசாரணையில் இடமிருக்கவில்லை.

கூறப்பட்ட காரணமே உண்மைக் காரணமா என்பதை 1955 டிசம்பர் தெளிவாக்கிற்று. பதினெட்டு நாடுகளை ஒரே தொகுதியாகச் சேர்த்துக்கொள்ள வல்லரசுகள் பேரம் பேசின. டிசம்பர் 13இல் தாய்வான் அரசு, சீனாவின் ஆசனத்திலிருந்து மொங்கோலியாவை வீற்றோ செய்தது. சோவியத் யூனியன் பதிலுக்கு இலங்கை உள்ளிட்ட நாடுகளை வீற்றோ செய்தது. மறுநாளே மொங்கோலியாவையும் யப்பானையும் விடுத்துப் பதினாறு நாடுகள் அனுமதிக்கப்பட்டன. இலங்கையும் அவற்றுள் ஒன்று. ஓரிரவில் இலங்கை இறைமை பெற்றுவிட்டதா? பிரித்தானியத் தளங்களோ 1957 வரை நீங்கவில்லை. ஒரு நாட்டின் அனுமதிக்கு வேறொரு நாட்டின் அனுமதியை நிபந்தனையாக்கலாகாது என்று சர்வதேச நீதிமன்றம் 1948 மே மாதத்திலேயே கருத்துரைத்திருந்தது. வீற்றோ செய்பவர் காரணத்திற்குக் கட்டுப்பட வேண்டாத நடைமுறையில் அக்கருத்து ஏட்டோடு நின்றது.

இத்தகைய பேரத்தின் இன்னொரு வடிவத்தை மலையகம் 1964 ஒக்ரோபர் 30இல் அனுபவித்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசுவதற்கென ஒதுக்கி வைத்தது. தொழிலாளரின் இசைவு கேட்கப்படவில்லை. அங்கு நாடுகள் தொகுதியாயின, இங்கு மனிதர்.

இதற்கிடையில் இலங்கை 1960–61இல் பாதுகாப்புச் சபையில் அமர்ந்ததும் மனங்கொள்ளத்தக்கது. கொங்கோ நெருக்கடியில் துனிசியாவுடன் இணைந்து அது கொணர்ந்த பிரேரணை 1960 செப்டெம்பரில் சோவியத் வீற்றோவுக்கு இரையாகி, விடயம் பொதுச் சபைக்குச் சென்றது.

மூடிய அறையின் அரசியல் பழங்கதையன்று. 2009இல் வன்னிப் போரின் இறுதி மாதங்களில், இலங்கை நிலைமை பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏறவேயில்லை. உறுப்பினர் 'முறைசாரா உரையாடல்' என்ற பெயரிற் கூடினர். நிகழ்ச்சி நிரலிற் சேர்ப்பது நடைமுறை விடயமாதலால் அதற்கு வீற்றோ பொருந்தாது. ஒன்பது வாக்குகள் போதும். அவ்வாக்கெடுப்பே எடுக்கப்படவில்லை. சபையின் நடைமுறை விதிகள் 1946 முதல் இன்றுவரை 'தற்காலிக' விதிகளாகவே இருப்பதும் தற்செயலன்று. நெகிழ்ச்சி எப்போதும் வலியவருக்கே பயன்படும்.

1993இல் சபை ஆவணங்களையும் நடைமுறையையும் ஆராயத் தன்னகத்தே ஒரு குழுவை அமைத்தது; 2006 முதல் செயல்முறைகளைத் தொகுத்துரைக்கும் குறிப்பு வெளியாகிப் பலமுறை புதுக்கப்பட்டுள்ளது. இவை யாவும் சபையே தனக்கு விதித்துக்கொண்டவை. 2022 ஏப்ரலில் லீக்ரென்ஸ்ரைனின் முன்முயற்சியால் வந்த தீர்மானம் வேறு தன்மையது. வீற்றோ பயன்படுத்தப்பட்ட பத்து வேலைநாட்களுள் பொதுச் சபை கூடி அதனை விவாதிக்க வேண்டும். வீற்றோவை அது அகற்றவில்லை. காரணத்தை வெளிச்சத்துக்கு அழைக்கிறது.

இன்னொரு வாயிலும் ஏற்கனவே உண்டு. விதி 39இன்படி, தகவல் தரத் தகுதியுடையவரெனத் தான் கருதும் எவரையும் பாதுகாப்புச் சபை அழைத்துக் கேட்கலாம். உறுப்பு நாடுகளைப் பற்றிய விதி 37 போலன்றி, இது அரசற்றவருக்கும் பொருந்தும். ஆனால் அழைப்பது சபையின் விருப்பம். கேட்கும் உரிமை மனிதருக்கில்லை. கந்தப்பளையின் லயன் வரிசைகளிற் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை பிரசாவுரிமைக்குக் காத்திருந்த காலம் முழுவதும் அவ்விதி ஏட்டில் இருந்தது.