புலன் மயக்கம்

இருக்கும் ஒரு பொருளின் அளவையோ நிறத்தையோ அசைவையோ சுவையையோ பிழையாக உணர்வது புலன் மயக்கம். எதுவுமே இல்லாத இடத்தில் ஒன்றைக் காண்பதும் கேட்பதும் இதில் சேரா, அவை பிரமை. மயக்கம் நோயன்று. நல்ல கண்ணும் தெளிந்த மூளையும் உள்ளவர்களுக்கே அது தவறாமல் நேர்கிறது.

சில மயக்கங்களுக்குக் கண் பொறுப்பில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலைச் சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொடும்போது, உண்மைச் சூரியன் ஏறத்தாழ முழுதாக அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். வளிமண்டலம் ஒளியைச் சுமார் அரைப் பாகை வளைக்கிறது. சூரிய வட்டத்தின் அகலமும் அவ்வளவே. நண்பகலில் காலி வீதித் தாரின் மேல் தெரியும் கானலும் இவ்வகை. இவற்றைக் கமராவும் அப்படியே பதியும்.

நிலவின் கதை வேறு. போயா தினத்து மாலையில் காலி வீதிக் கட்டடங்களுக்கு மேலே எழும் முழுநிலவு மிகப் பெரிதாகத் தெரியும். நள்ளிரவில் உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிடும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள்: இரு வேளையிலும் நகம் அதே அளவே மறைக்கும். அளந்து தெளிந்த பின்னும் நிலவு பெரிதாகவே தெரிவதுதான் வியப்பு. கண் தரும் துண்டுத் தகவல்களை மூளை தன் பழக்கத்தைக் கொண்டு இட்டு நிரப்புகிறது. அந்த ஊகம் நம் அறிவுக்குக் கட்டுப்படுவதில்லை.

வெள்ளவத்தை நிலையத்தில் நின்றிருக்கும் ரயிலின் யன்னலை அடைத்தபடி பக்கத்துப் பாதை ரயில் நகரத் தொடங்கினால், நம் ரயிலே ஓடுவதாக உடல் நம்பிவிடும். விரிந்த பின்னணி அசையாது என்பது மூளையின் வழக்கமான எடுகோள். உட்காதின் சமநிலை உறுப்போ வேக மாற்றத்தை மட்டுமே உணரும். மிக மெல்லிய நகர்வைத் தவறவிடும். ஆகவே கண் சொன்னதை மறுக்க ஆளில்லை. மேடைத் தூண் ஒன்று கண்ணில் பட்டதும் எல்லாம் சரியாகிவிடும்.

நாக்கும் ஏமாறும். நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிக்கிறது. சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனி இனிப்பதில்லை. இலையிலுள்ள அமிலங்கள் இனிப்பை உணரும் வாங்கிகளைச் சிறிது நேரம் மறித்துவிடுகின்றன.

மயக்கத்தை மருந்தாக்கியவர் சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன். கை இழந்தவர்களில் பலருக்கு இல்லாத கையில் வலி எடுக்கும். மற்றக் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கை அசைவதாக உணரவைக்கும் முறையை 1990களில் அவர் கொண்டுவந்தார். பலருக்கு வலி தணிந்தது. போரில் அவயவம் இழந்தோர் இத்தனை பேர் வாழும் இலங்கையில் இது பரவலாக அறியப்பட வேண்டிய செய்தி.

புலன் ஏமாறுவது ஒன்று. கண்டதற்குத் தவறான காரணம் கற்பிப்பது இன்னொன்று. இரண்டாவதை எதிர்த்துக் கொழும்பில் அயராது உழைத்தவர் ஆபிரகாம் கோவூர் (1898–1978). கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, இலங்கைப் பாடசாலைகளில் தாவரவியல் கற்பித்து, வெள்ளவத்தையை ஒட்டிய பாமன்கடையில் வாழ்ந்தவர். அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். அவர் பட்டியலிட்ட சோதனைகளில் ஒன்று, கால் கொப்புளிக்காமல் தணல்மேல் அரை நிமிடம் அசையாது நிற்பது. உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் பக்தர்கள் தணலில் நடக்கிறார்கள். அவர்களின் துணிவு மெய். ஆனால் தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், பாதமும் ஒவ்வோர் அடியிலும் கணநேரமே அதில் படும். கோவூர் நடக்கச் சொல்லாமல் நிற்கச் சொன்னது அதனால்தான். அப்பரிசை எவரும் வென்றதில்லை.