பன்னக்கிழங்கு மரவாழ: ஒரு பெரணியின் பெயரும் வகைப்பாடும்

முன்னுரை

புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துரைக்கும். பெயரிடுதலும் வகைப்படுத்துதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இது தொன்மையான சான்றாகும். பூவும் விதையும் இன்றி ஸ்போர்களால் பெருகுவன பெரணிகள். இலை, தண்டு, வாழிடம் ஆகியவற்றைக் கொண்டே மக்கள் அவற்றை இனங்கண்டனர். கொச்சியில் 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் இடம்பெறும் ஒரு பெரணியின் பெயரே வகைப்பாடாகவும் அமைவதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் எழுந்த சூழல்

1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1670 முதல் 1677 வரை மலபாரின் டச்சுத் தளபதியாக விளங்கிய ஹென்றிக் வான் ரீடு இந்நூலைத் தொகுப்பித்தார். 12 தொகுதிகள் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை வெளிவந்தன. சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனும், கொங்கணி மருத்துவர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரும் செய்திகளை வழங்கினர். அச்சுதனின் 1675ஆம் ஆண்டுச் சான்றுரை கோலெழுத்தில் முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. மலையாளத்தில் கூறப்பட்டவை போர்ச்சுகீசியம், டச்சு ஆகிய மொழிகளின் வழியே இலத்தீனைச் சென்றடைந்தன.

பெயரின் அமைப்பு

வான் ரீடு 1691இல் மறைந்த பின் வெளிவந்த 12ஆம் தொகுதியில், 'பன்னா-கெலெங்கு-மரவரா' என உரோமன் எழுத்தில் ஒரு பெயர் காணப்படுகிறது. மலையாளம் அறியாதார்க்கு இது வெறும் ஒலிக்கோவையே. 'கெலெங்கு' கிழங்கு ஆகும். 'மரவரா' மரவாழ ஆகும். ஈரிடத்தும் மறைந்திருப்பது ழகரம். அதனை மீட்டால் பெயர் பொருள் தருகிறது. பன்ன என்பது பெரணி. கிழங்கு என்பது அதன் தடித்த மட்டநிலத்தண்டு. மரவாழ என்பது மரத்தின்மீது தொற்றி வளர்வது. ஆக, உருவமும் உறுப்பும் வாழிடமும் ஒரே தொடரில் அடங்கியுள்ளன.

'மரவாழ' என்னும் சொல் பெரணிக்கு மட்டும் உரியதன்று. அஞ்சிலி மரவாழ என்பது ஓர் ஆர்க்கிட். அவ்வாறே, 'பன்ன வள்ளி', 'வள்ளிப் பன்ன' என்பன சொல்முறை மாற்றத்தாலேயே வெவ்வேறு ஏறு பெரணிகளைக் குறிக்கின்றன. பொதுச்சொல்லும் அடைச்சொல்லுமாக அமையும் இம்முறை, பேரினமும் சிற்றினமும் இணைந்த இருசொற் பெயரீட்டோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும் மரவாழ என்பது வாழிடம் பற்றிய பகுப்பேயன்றி உறவுமுறை பற்றியதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

லின்னேயஸின் பார்வை

1753இல் லின்னேயஸ் இதற்குப் பாலிபோடியம் குவெர்சிபோலியம் எனப் பெயரிட்டபோது வான் ரீடின் பெயரையும் படத்தையும் மேற்கோளாகச் சுட்டினார். இலையின் அடிப்புறத்தே ஸ்போர்த் தொகுதிகள் வட்டப் புள்ளிகளாக அமைதலே அவர் பேரினத்திற்குக் கொண்ட அடையாளம். இப்பெரணிக்கு இருவகை இலைகள் உண்டு. நீண்ட பசிய இலைகள் ஸ்போர்களைத் தாங்கும். அடியிலுள்ள குறுகிய பழுப்பிலைகள் சருகையும் மட்கையும் தேக்கி வேருக்கு உணவூட்டும். இப்பழுப்பிலைகள் ஐரோப்பிய ஓக் மரத்தின் இலையை நினைவூட்டுவதால் சிற்றினப் பெயர் எழுந்தது. 1841இல் ஜான் ஸ்மித் இதனை டிரைனேரியா பேரினத்திற்கு மாற்றினார். அண்மைக் காலத்தில் அக்லாவோமார்பாவில் சேர்ப்பாரும் உளர். பேரினம் மாறினும் ஓக் இலை மாறவில்லை.

தமிழ் வழக்கு

கொல்லிமலையில் இதே பெரணியின் தண்டு 'முடவாட்டுக்கால்' என வழங்குகிறது. பழுப்பு மயிர் போர்த்த தண்டு ஆட்டின் காலை ஒத்திருப்பது பெயர்க்காரணம். மூட்டுவலி போக்கும் என்னும் நம்பிக்கையில் இதனைச் சாறாக்கி அருந்துவர். மலையாளப் பெயர் வாழிடத்தையும், இலத்தீன் பெயர் இலையையும், தமிழ்ப் பெயர் தண்டையும் முதன்மைப்படுத்துகின்றன.

முடிவுரை

கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் இந்நூலின் தாவரங்களை மீளத் தேடி இனங்கண்டு, 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் பதிப்பித்தார். தாவரவியலாரின் களப்பணியோடு சொல்லாய்வும் இணையும்போதே இத்தகைய பெயர்கள் முழுப்பொருள் பெறும். ஓரெழுத்துத் திரிந்த பெயரில், அச்செடியைக் கண்டு கூறிய மருத்துவரின் அறிவும் மறைந்துபோகிறது. ஆதலின் மலைவாழ் மக்களின் பெரணிப் பெயர்களை ழகர, ளகர வேறுபாடு பிழையாது இன்றே தொகுத்தல் தமிழ்த்துறையினரின் கடமையாகும்.