விண்டோஸ் பட்டியலில் நமக்கு ஏன் தனி வரி?

உங்க கம்பியூட்டரில் நேர வலயம் தெரிவுசெய்யும் பட்டியலைத் திறந்து பாருங்க. சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி எல்லாம் ஒரே வரியில் இருக்கும்: +5:30. அதுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீ ஜயவர்தனபுர தனி வரியில் இருக்கும். அதுவும் +5:30 தான். ஒரே நேரத்துக்கு எதுக்கு இரண்டு வரி?

பதில் நம்ம மலையில்தான் இருக்கு.

1996-இல் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போது நீர்மின்சாரம். காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தண்ணி இறங்கினா கொழும்பில் விளக்கு அணையும். (மவுசாகலை ரொம்ப வற்றினா, அணைக்காக மூழ்கடிச்ச பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். படம் எடுக்க எல்லாரும் ஓடுவோம்.) மின்வெட்டு தாங்க முடியாமல் போனதும், மே 24 வெள்ளி நள்ளிரவில் அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது: +6:30. மாலை வெளிச்சம் கடிகாரப்படி நீளும், பல்பு போடுவது தாமதமாகும் என்பது கணக்கு. அக்டோபர் 26-இல் அரை மணி குறைத்து +6:00 ஆக்கினார்கள். அது பத்து வருஷம் நிலைத்தது.

அம்மா அப்போ கொழுந்து எடுக்கப் போன புதுசு. "பெரட்டுக்கு எந்திரிச்சா நடுராத்திரி மாதிரி இருக்கும்"னு இப்பவும் சொல்லுவாங்க. அவங்க லயத்துல அப்போ கரண்டே இல்லை. லக்‌ஷபான மின்நிலையத்துக் கம்பி மலைக்கு மேலே போகும், கீழே குப்பி லாம்பு எரியும். மிச்சம் பிடிக்க ஒரு பல்புகூட இல்லாத வீட்டுக்கும் சேர்த்துத்தான் விடியல் தள்ளிப்போனது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கு என்ற முறைப்பாடு ஓயவில்லை. கடைசியில் 2006 ஏப்ரல் 15-இல் நாடு மறுபடி +5:30-க்குத் திரும்பியது. புத்தாண்டு லீவு. அலுவலகங்கள் மூடியிருக்கும் நாள், கம்பியூட்டர்காரர்களுக்குப் பராமரிப்பு வேலை பார்க்க வசதியான நாள்தான். ஆனால் வேலை லேசில்லை.

சுவர்க் கடிகாரத்துக்கு முள்ளைத் திருப்பினால் போதும். கம்பியூட்டர் அப்படி இல்லை. உலகப் பொது நேரத்தோடு எத்தனை மணி கூட்டணும் என்பதை அது ஒரு அட்டவணையில் பார்த்துக்கொள்ளும். நாடு நேரத்தை மாற்றினால் அந்த அட்டவணையைத்தான் திருத்தணும். அதுக்குத்தான் பேட்ச். பேட்ச் போட்டாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருள் பழைய அட்டவணையையே நினைவில் வைத்திருக்கலாம். அதனால்தான் ரீபூட். இதைச் செய்யாமல் முள்ளைத் திருப்புற மாதிரி கையால் அரை மணி குறைத்தால், திரையில் நேரம் சரியாகத் தெரியும், உள்ளே பொது நேரம் அரை மணி பிந்திவிடும். அனுப்புற ஈமெயில் வெளிநாட்டில் அரை மணி முந்திய நேரத்தோடு போய்ச் சேரும். பிறகு யாராவது பேட்ச் போட்டால் திரை நேரம் இன்னொரு அரை மணி பின்னே போகும். எங்கே பிழை என்று தேடுறவர் பாவம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்றைக்கு அதிகாலை 12.30 ஆனதும் நேரம் 12.00-க்குத் திரும்பியது. அதாவது 12.15 இரண்டு தடவை வந்தது. 12.15-க்கு ஒரு கணக்கை முடிக்கச் சொல்லி வைத்திருந்த மெஷின் அதை இரண்டு முறை முடித்திருக்கலாம். 1996 மே மாதம் இதுக்கு நேர் எதிர்: நள்ளிரவு 12-க்கும் 1-க்கும் இடையில் அப்படி ஒரு நேரமே வரவில்லை.

லினக்ஸ் போன்ற அமைப்புகள் இந்த அட்டவணையை, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிக்கும் ஒரு கோப்பிலிருந்து எடுக்கின்றன. யாரும் வாசிக்கலாம். இலங்கைப் பகுதியில் இந்தத் தேதிகள் எல்லாம் வரிசையாக இருக்கு. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி 1996 மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது, அங்கே இருப்பவர்கள் தங்கள் கம்பியூட்டரில் கொல்கத்தா நேரத்தைத் தெரிவுசெய்யலாம். நம்ம நாட்டுக்குள்ளேயே இரண்டு நேரம் ஓடியதை முதன்முதலாக அந்தக் கோப்பில்தான் வாசித்தேன்.

தண்ணி வற்றிய மலையைப் பற்றியோ, பெரட்டுக்குப் போனவங்களைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. அம்மாகிட்ட வாசித்துக் காட்டினேன். "தேதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க"ன்னாங்க.