குரலைக் கேட்காமலே டிக்கெட் வாங்கிய கூட்டம்

1850 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பலை எதிர்பார்த்து சுமார் 30,000 பேர் நின்றார்கள் என்கிறார்கள். வந்தது ராணியோ தளபதியோ இல்லை, சுவீடனைச் சேர்ந்த பாடகி ஜென்னி லிண்ட். அந்தக் கூட்டத்தில் அவர் பாடிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. ரெக்கார்டு, ரேடியோ எதுவும் இல்லாத காலம். பிறகு எப்படி ரசிகர்கள் ஆனார்கள்? பி.காம் படிப்பதாலோ என்னவோ, இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம். 1820-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். 1838-ல் ஓபரா மேடையில் நாயகியாகப் பாடிப் பெயர் வாங்கினார். அளவுக்கு மீறிப் பாடியதில் குரல் கெட்டது. 1841-ல் பாரிஸ் போய் மானுவல் கார்சியா என்ற ஆசிரியரிடம் நின்றார். சில வாரம் பாடவே கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்றாராம் அவர். பொறுத்திருந்து, அடிப்படையிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார். 1847-ல் லண்டனில் பாடியபோது ஊரே பைத்தியமானது. முதல் நாளே விக்டோரியா மகாராணி வந்திருந்தார். 1849-ல், 28 வயதில், ஓபரா மேடையை விட்டே விலகிவிட்டார்! இனி கச்சேரி மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் பி.டி.பார்னம் வருகிறார். குரங்கு உடம்பில் மீன் வாலைத் தைத்த ஒரு உருவத்தை 'கடல்கன்னி' என்று காட்டிக் காசு பார்த்த ஆசாமி. இவரும் லிண்டின் பாட்டைக் கேட்டதில்லை. ஆனாலும் 150 கச்சேரிக்கு, கச்சேரிக்கு 1,000 டாலர் என்று ஒப்பந்தம். கூட வரும் இசை நடத்துனருக்கு 25,000, துணைப் பாடகருக்கு 12,500. ஆக 1,87,500 டாலர். முழுவதையும் முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. சொத்தை அடகு வைத்து, கடன் வாங்கிக் கட்டினார். கையில் சரக்கு வருவதற்கு முன்பே போட்ட முதல்!

போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே. கப்பல் வருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே பத்திரிகைகளில் அவர் பெயர் வரும்படி பார்த்துக்கொண்டார். குரலைவிட அவருடைய தான தர்மங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வைத்தார். அது பொய்யும் இல்லை. முதல் கச்சேரியில் தன் பங்காக வந்த சுமார் 10,000 டாலரை லிண்ட் நியூயார்க்கின் தர்ம காரியங்களுக்கே கொடுத்துவிட்டார்.

டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜெனின் என்ற தொப்பிக் கடைக்காரர். கடை இருந்தது பார்னமின் மியூசியத்துக்குப் பக்கத்தில். (தற்செயல்தான் என்று நம்புவோம்!) மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகையில் ஜெனின் பெயர். எங்கோ ஐயோவாவில் ஒருவர் தன் பழைய தொப்பிக்குள் ஜெனின் முத்திரையைப் பார்த்து, அதையே 14 டாலருக்கு விற்றார் என்று பார்னம் ஒரு கதை சொல்கிறார். பாஸ்டனில் முதல் டிக்கெட் 625 டாலர். வாங்கியவரும் ஒரு பாடகர்தான். அவருக்கும் விளம்பரம் தேவைப்பட்டிருக்கிறது.

அப்படியானால் எல்லாமே விளம்பரம்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செப்டம்பர் 11 அன்று காசில் கார்டனில் நடந்த முதல் கச்சேரிக்கு ஆட்களைக் கூட்டி வந்தது பார்னம்தான். ஆனால் 95-வது கச்சேரிக்கு விளம்பரம் மட்டும் ஆள் கூட்டாது. கேட்டுவிட்டுப் போனவன் வீட்டில் சொல்கிறான், அடுத்த ஊர்க்காரன் தேதியை விசாரித்துக் காத்திருக்கிறான். பார்னம் எழுதிய கணக்குப்படி 95 கச்சேரிகளின் மொத்த வசூல் 7,12,161 டாலர். அதில் லிண்டுக்கு 1,76,675. மீதியிலிருந்துதான் பார்னம் செலவுகளைப் பார்த்தார்.

1851-ல் லிண்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். தன்னை ஒரு சரக்காக விற்பது அவருக்குப் பிடிக்காமல் போயிருந்தது. 1852 மே வரை தானே கச்சேரிகளை நடத்திவிட்டு, பாஸ்டனில் மணந்த கணவர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டுடன் ஐரோப்பா திரும்பினார். பழைய அளவுக்குக் கூட்டம் இல்லை. சம்பாதித்ததில் பெரும்பகுதி சுவீடன் பள்ளிகளுக்கும் மற்ற தர்மங்களுக்கும் போனது.

1887-ல் காலமானார். அவர் குரல் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பதில்லை. ஆனால் அன்று கையுறை முதல் பியானோ வரை ஒட்டிய அவர் பெயர், அமெரிக்கக் கடைகளில் ஒருவகைக் குழந்தைத் தொட்டிலுக்கு இன்னமும் இருக்கிறது.