பட்டாணித் தீவின் கரைகாவல் நிலையம்

ஐக்கிய அமெரிக்காவின் கீழ்க்கரையில், வட கரோலைனா மாநிலத்தை அடுத்துக் கடலுள் நீண்டு கிடக்கும் மணற்றிட்டுக்கள் மாலுமிகளாற் பெரிதும் அஞ்சப்பட்டவை. நீருள் மறைந்து இடம்பெயரும் மணல்மேடுகளில் மோதி உடைந்த கலங்கள் அளவில. அதனால் அப்பகுதி 'அத்திலாந்திக்கின் இடுகாடு' எனப் பெயர்பெற்றது. 1874 இல் அரசினர் அங்கு ஏழு உயிர்காப்பு நிலையங்களை நிறுவினர். எனினும், 1877 நவம்பரில் ஒன்றும் 1878 சனவரியில் ஒன்றுமாக இரு பெருங் கப்பல்கள் உடைந்து, நூற்றைம்பதின் மேற்பட்ட உயிர்கள் மாண்ட பின்னரே அவற்றின் தொகை பெருகியது. அங்ஙனம் எழுந்தவற்றுள் ஒன்று, காட்டுப் பட்டாணியின் பெயரால் வழங்கும் தீவிலமைந்த நிலையம்.

அதன் தொடக்கம் பெருமைக்குரியதன்று. 1879 நவம்பரில் கப்பலொன்று அருகில் உடைந்து நால்வர் இறந்தனர். காவலிற் கவலையீனமாயிருந்த நிலையத் தலைவர் பதவி நீக்கப்பட்டார். அவ்விடத்துக்கு 1880 சனவரியில் நியமிக்கப்பட்டவர் றிச்சட் எதறிச் என்னும் கறுப்பினத்தவர். 1842 இல் உரோவனோக்குத் தீவில் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடபடையிற் போர்புரிந்த இவர், அப்பொழுது அயல் நிலையமொன்றிற் கடைநிலை ஊழியராயிருந்தார். அக்கரையின் மிகச் சிறந்த அலைவீரருள் ஒருவர் இவரென மேற்பார்வை செய்த அதிகாரி சூமேக்கர் எழுதியதே நியமனத்துக்குக் காரணமாயிற்று. வெள்ளையர் கறுப்பினத்தவரொருவரின் கீழ்ப் பணிபுரிதல் அக்கால வழக்குக்கு ஒவ்வாதாகையால், குழு முழுவதும் கறுப்பினத்தவராலேயே அமைந்தது. சில மாதங்களுள் நிலையம் எரிந்து சாம்பராயிற்று. எவரோ வைத்த தீ என ஐயுறப்பட்டது. எதறிச் கலங்கினாரல்லர். நிலையத்தை மீளக் கட்டுவித்து, படைப்பயிற்சியை யொத்த கண்டிப்போடு தம்மவரைப் பயிற்றினார்.

அப்பயிற்சியின் பயன் 1896 ஒக்டோபர் 11ஆந் திகதி இரவிலே வெளிப்பட்டது. சூறாவளியிற் சிக்கிய 'ஈ. எஸ். நியூமன்' என்னும் பாய்க்கப்பல் கரையருகே தரைதட்டிற்று. கப்பற்றலைவனின் மனைவியும் மூன்று வயது மகனும் உட்பட அதில் ஒன்பதின்மர் இருந்தனர். கரையெங்கும் வெள்ளம் புரண்டமையால் அன்று காவல் நடை நிறுத்தப்பட்டிருந்தது. ஆயினும் கண்ணயராத மீக்கின்சு என்பவர் தூரத்தே அபாய வெளிச்சத்தைக் கண்டார். இத்தகைய வேளைகளிற் கரையிலே நங்கூரம் புதைத்து, சிறு பீரங்கியாற் கயிற்றைக் கப்பலுக்கு எய்து, அதில் தொங்கவிட்ட மிதவையில் ஆட்களை ஒவ்வொருவராக இழுத்தெடுத்தல் வழக்கம். அன்றோ நங்கூரம் புதைக்க நிலமே இல்லை. படகு செலுத்தவும் இயலாது. விதிநூல் கைவிட்ட அவ்விடத்தில் எதறிச் புதுவழி கண்டார். இருவரைப் பெருங்கயிற்றாற் பிணைத்து, மறுமுனையை ஏனையோர் பற்றிநிற்க, அலையினூடே கப்பலுக்கு அனுப்பினார். முதலிற் குழந்தை வந்தது. களைத்தவர் இளைப்பாற வேறிருவர் சென்றனர். இவ்வாறு பன்முறை சென்று மீண்டு ஒன்பதின்மரையுங் கரைசேர்த்தனர், ஓருயிரும் அழியவில்லை.

கப்பற்றலைவன் நன்றியறிதலாகத் தன் கலத்தின் பெயர்ப்பலகையைத் தேடியெடுத்து அக்குழுவினருக்கு அளித்தான். அரசினர் பதக்கம் எதுவும் அளித்திலர். இதனினுஞ் சிறிய செயல்களுக்குப் பதக்கம் பெற்றோர் உளர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எதறிச் 1900 இற் பதவியிலிருந்தபடியே காலமானார். 1915 இல் உயிர்காப்புச் சேவை கரைகாவற் படையோடு இணைக்கப்பட்டது. நிலையம் கறுப்பினத்தவர் பொறுப்பிலேயே தொடர்ந்து, 1947 இல் மூடப்பட்டது.

பின்னர் ஆராய்ச்சியாளர் சிலர் பழைய ஏடுகளைத் துருவினர். வட கரோலைனாப் பாடசாலை மாணவியொருத்தி சனாதிபதிக்கும் மூதவை உறுப்பினர்க்கும் கடிதம் எழுதினாள். 1996 இல், நூறாண்டு கழிந்தபின், அவ்வெழுவர்க்கும் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவருள் ஒருவரேனும் உயிரோடிருக்கவில்லை. நிலையத்தின் சமையற்கூடம் உரோவனோக்குத் தீவிலுள்ள மான்றியோ நகருக்குப் பெயர்க்கப்பட்டு நூதனசாலையாயிற்று.